மயானக்கொள்ளைக்கு மண் பிசைந்தவள்

“எனக்குக் கூலி குடுங்க சார். கூலின்னே எழுதிக் குடுங்க.”

திரிஷா இதைக் கேட்டது பாலாற்றங்கரைச் சுடுகாட்டில். மாசி அமாவாசை மத்தியானம். அவள் காலடியில் முப்பதடி நீளத்துக்கு மண் அரக்கன் ஒருவன் மல்லாந்து கிடந்தான். கேட்கப்பட்டவர் மயானக்கொள்ளை விழாக்குழுத் தலைவர் மாணிக்கவாசகம், மூன்று மாடிப் பட்டுக்கடையின் முதலாளி. சுற்றிலும் ஐயாயிரம் பேருக்குக் குறையாத கூட்டம். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று மூன்று வருஷமாகச் சொல்லிவந்த அவள் அப்பா முனுசாமி, பத்தடி தள்ளி மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

மாணிக்கவாசகம் சிரித்தார். “இன்னாம்மா இது, அம்மன் வர்ற நேரத்துல கூலி கீலின்னு? உன் கையால செய்யணும்னு அவளே கேட்டிருக்குறா. எத்தினி பேருக்கும்மா இந்த பாக்கியம் கெடைக்கும்?”

“தாரை தப்பட்டைக்குக் காசு, வாணத்துக்குக் காசு. மேல பறக்குது பாருங்க ட்ரோனு, அதுக்குப் பதினஞ்சாயிரம். கீழ படுத்துக்கினு இருக்கறவனுக்கு மட்டும் பாக்கியமா? போன வருஷம் இவன் கிரீடத்துல நான் வச்ச யாளி வரிசைய உங்க கடையில பார்டராப் போட்டு வித்தீங்களே சார், அந்தப் புடவையும் பாக்கியத்துக்கா வித்தீங்க?”

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

திரிஷா அந்த வீட்டில் முதல் பட்டதாரி. சென்னையில் நாலு வருஷம் சிற்பம் படித்தவள். அவள் குடும்பத்துக்கு இந்த விழாவில் தலைமுறையாக ஒரு வேலை உண்டு: ஆற்று மண்ணை வண்டியில் கொண்டுவந்து சுடுகாட்டில் கொட்டுவது. பதிலுக்கு ஒரு வேட்டியும் ஒரு வாளிக் கூழும். உருவம் செய்ய வெளியூரிலிருந்து ஒருவர் வருவார். அவர் ஒரு வருஷம் ரேட்டை ஏற்றிக் கேட்டதும், முனுசாமி மகள் சிற்பம்தானே படிக்கிறாள், அவளே செய்யட்டும் என்று குழு முடிவெடுத்தது. வெளியூர்க்காரருக்குச் சம்பளமாக இருந்தது, இவளிடம் வந்ததும் சேவையாகிவிட்டது. முதல் வருஷம் பொன்னாடை. இரண்டாம் வருஷமும் பொன்னாடை. மண் கொட்டிய தாத்தாவுக்கு வேட்டி, மண்ணுக்கு முகம் கொடுத்த பேத்திக்குச் சால்வை. துணி மட்டும்தான் மாறியிருந்தது.

சென்னையில் ஓர் அறக்கட்டளை இளம் சிற்பிகளுக்கு இரண்டு வருஷம் மாத உதவித்தொகையும் வேலை செய்ய ஒரு கொட்டகையும் தருகிறது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: உங்கள் வேலைக்கு இதுவரை யாராவது பணம் தந்திருக்கிறார்களா? சான்று இணைக்கவும். நாளைதான் கடைசி நாள். போன் போட்டுக் கேட்டாள். பொன்னாடைப் போட்டோவைச் சேர்க்க முடியாது என்று அறக்கட்டளையில் போனை எடுத்த அம்மாள் வருத்தத்தோடுதான் சொன்னார். திரிஷாவுக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டுக் காகிதம். அது கிடைத்தால் கொட்டகை. கிடைக்காவிட்டால் மறுபடி ஆற்று மண்.

சிரிப்புச் சத்தம் அடங்குவதற்குள் மாணிக்கவாசகத்தின் தம்பி மகன் உதயகுமார் அவளை ஓங்கி அறைந்தான். பல் உதட்டைக் கிழித்தது.

“சுடுகாட்டுல மண்ணள்ளுன நாய்ங்க. உனுக்கு ரேட்டாடி?”

அவள் நிமிர்வதற்குள் முனுசாமி பாய்ந்து வந்தார். அவனைத் தடுக்க வருகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் அவள் முடியைச் சுற்றிப் பிடித்துக் கன்னத்திலும் முதுகிலும் மாறி மாறி அறைந்தார். காலால் உதைத்தார். அவள் அரக்கனின் வலது கைமேல் விழுந்தாள். அவள் இரண்டு நாள் இழைத்த சுண்டுவிரல் அவளுக்கடியில் நொறுங்கியது.

“மொதலாளி, படிச்சிப் படிச்சி பைத்தியம் புடிச்சிப்போச்சி. மனசுல வச்சிக்காதீங்க மொதலாளி” என்று மூச்சு வாங்கினார். அடித்த கையாலேயே கும்பிட்டார்.

அதற்குள் தாரை முழங்கிவிட்டது. அம்மன் வந்துவிட்டாள்.

தேருக்கு முன்னால் காளி வேஷத்தில் தனசேகரன் ஆடி வந்தார். மற்ற நாட்களில் தறி ஓட்டுகிறவர். வாயில் கட்டிய தகர நாக்கு, கையில் சூலம், கழுத்தில் எலுமிச்சை மாலை. வருஷா வருஷம் நடப்பதுதான். காளி அரக்கன்மேல் ஏறி, வெறுங்கையால் வயிற்றைக் கிழித்து, உள்ளே புதைத்திருக்கும் கலயத்தை எடுத்துத் தன் தலைமேல் உடைக்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு நீர் வழிந்த பிறகுதான் சனம் உருவத்தின்மேல் விழுந்து மண்ணைக் கொள்ளையடிக்கலாம். கலயம் உடையாமல் அம்மன் கோயிலுக்குத் திரும்பக் கூடாது. அந்தக் கலயத்தைப் புதைப்பது உருவம் செய்தவர் மட்டும். வேறு கண் பார்க்கக் கூடாது.

தனசேகரன் வயிற்றைக் கிழித்தார். மண். இன்னும் ஆழமாகக் கையை விட்டார். மண். முழங்கைவரை விட்டுத் துழாவினார். நகம் பெயர்ந்து அவர் ரத்தமே சொட்டியதே தவிர கலயம் வரவில்லை. அடித்துக்கொண்டிருந்த தாரை ஒவ்வொன்றாக நின்றது.

ஒரு பெண் சாமி வந்து ஓவென்று அலறி, தன் முகத்திலேயே அறைந்துகொண்டாள். “குத்தம் ஆயிடுச்சி! குத்தம் ஆயிடுச்சி!” பின்னாலிருந்தவர்கள் முன்னால் நெருக்கினார்கள். கரும்புச் சாறு வண்டி கவிழ்ந்தது. பூசாரியின் சட்டையைப் பிடித்து இரண்டு பேர் உலுக்கினார்கள். எங்கிருந்தோ ஒரு கல் வந்து ட்ரோன்காரன் மண்டையைப் பிளந்தது.

உதயகுமாருக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, திரிஷாவின் கழுத்தை ஒரு கையால் நெறித்து அவளை எழுப்பினான்.

“எங்கடி வச்ச?”

“கூலி” என்றாள். வயிற்றில் குத்தினான். மடங்கி நிமிர்ந்து, வாயிலிருந்த ரத்தத்தை அவன் வெள்ளைச் சட்டைமேல் துப்பிவிட்டு மறுபடி சொன்னாள். “கூலி.”

அரக்கன் வயிற்றுக்கு மேலிருந்து காளி தகர நாக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கத்தியது. “யோவ், அடிக்காதய்யா! அந்தப் பொண்ணு வாய மூடிக்கினா நான் இன்னா, இங்கியே குடித்தனம் பண்றதா? எனுக்குப் பேசுன காசு குடுத்தீங்க இல்ல? அதுக்கும் குடுத்துத் தொலைங்களேன்!”

“குடுங்க! குடுங்க!” என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. அவளுக்காகப் பரிந்து அல்ல. அம்மன் நடுவழியில் நிற்கிறாளே என்ற பயம். மாணிக்கவாசகம் விழா நோட்டீஸ் ஒன்றைத் திருப்பி, பூசாரி முதுகின்மேல் வைத்து எழுதினார். நன்கொடைப் பையிலிருந்து ஒரு பணக்கட்டை உருவிக் காகிதத்தோடு நீட்டினார். திரிஷா படித்தாள். ‘அன்பளிப்பு’ என்றிருந்தது. இத்தனை அடிதடிக்கு நடுவிலும் அந்த மனுஷனுக்குக் கை கூலி என்று எழுத வரவில்லை. காகிதத்தை நாலாகக் கிழித்து அவர் காலடியில் போட்டாள்.

“அன்ப நீங்களே வச்சிக்கோங்க சார். சிலை செஞ்சதுக்குக் கூலி. மூணு வருஷத்துக்கு. தேதி போட்டுக் கையெழுத்து, குழு சீலு.”

அவர் வேறொரு நோட்டீஸை எடுத்தார். இன்னொரு கல் தேர்ச் சக்கரத்தில் வந்து விழுந்தது. எழுதினார்.

இந்த முறை இரண்டு தடவை படித்தாள். பணக்கட்டையும் வாங்கி, காகிதத்தோடு உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு, முனுசாமியின் மண் குவியலில் செருகியிருந்த கடப்பாரையைப் பிடுங்கினாள். உதயகுமார் தானாகவே நாலடி பின்வாங்கினான். அவள் அரக்கனின் மார்மேல் ஏறினாள். ஒன்பது நாள் விரதப் பட்டினி கிடந்து வடித்த முகம். வலது புருவத்தைத் தூக்கி, எல்லாரையும் ஏளனம் செய்வதுபோல அவள் வைத்திருந்த முகம். ஒரு நொடி பார்த்தாள். தொண்டையில் ஓங்கி இறக்கினாள். மூன்றாவது குத்தில் தலை தனியாகப் பிளந்து உருண்டது. தொண்டைக்குழிக்குள் கலயம் பத்திரமாக இருந்தது.

அதை அவள் உடைக்கவில்லை. எடுத்துக் காளி கையில் கொடுத்தாள்.

“இந்தாண்ணா. உங்க வேலைய நீங்க பாருங்க.”

தனசேகரன் தலையில் உடைத்ததும் ஐயாயிரம் பேரும் உருவத்தின்மேல் விழுந்தார்கள். காதைப் பிய்த்தார்கள், கண்ணைத் தோண்டினார்கள், ஒரு பிடி யாளிக்காக ஒருவன் கையை ஒருவன் மிதித்தார்கள். திரிஷா கூட்டத்துக்கு எதிராக முட்டி மோதி வெளியே வந்தாள்.

சுடுகாட்டு வாசலில் முனுசாமி மணிக்கட்டைப் பிடித்தார்.

“அந்தக் காச உண்டியல்ல போட்டுட்டு அவரு கால்ல வுழுமா. நாளைக்கி நான் இந்த ஊருல இருக்கணும்.”

“வுடு நைனா.”

“நான் அடிக்கலன்னா அவனுங்க உன்ன அங்கியே கொன்னு பொதச்சிருப்பானுங்க. தெரியுமா உனுக்கு?”

“தெரியும். மொதல்ல அவன் ஒண்ணுதான் அடிச்சான், நீ வந்து எட்டு அடிச்ச. அவனுங்க வேலையையும் சேத்து சம்பளம் இல்லாம நீ செய்யற.”

அவர் கை ஓங்கியது. அவள் அதைக் காற்றிலேயே பிடித்தாள். முறுக்கினாள். ஒன்பது நாள் மண் பிசைந்த கை. அவர் ஐயோ என்று முட்டி போட்டுச் சரிகிறவரை விடவில்லை. பணக்கட்டில் பாதியை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

“மூணு வருஷம் மண்ணு கொட்டுனதுக்கு. கூலி. உண்டியல்ல போடறதும் போடாததும் உன் இஷ்டம்.”

சுடுகாட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் லில்லியக்கா டீக்கடையில் அவள் பை காலையிலிருந்தே காத்திருந்தது. சான்றிதழ்கள், நாலு செட் துணி, இழைப்புக் கத்திகள். வயிற்றில் வைக்க வேண்டிய கலயத்தை நேற்றுச் சாயங்காலம் தொண்டையில் வைத்து மூடியபோதே அவள் இந்தப் பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

“அடிப்பாவி, வாயெல்லாம் ரத்தம்! மூஞ்சியாவது கழுவினு போடி” என்றாள் லில்லியக்கா.

“பஸ்ஸு போயிடும்கா.”

பையைத் தோளில் மாட்டினாள். கடப்பாரை இன்னும் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்காமலேயே, சென்னை பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.