நீளவாக்கில் மட்டும்

மடிப்பு பிரஸ்ஸிலிருந்து நாத்தனாரை எடுத்துவிட்டு, பொட்டலம் கட்டும் பிரிவில் போடப்போகிறார்கள் என்ற செய்தி சோதனைக்காரிக்குத் தொழிற்சாலையில் கிடைக்கவில்லை, வீட்டில்தான் கிடைத்தது. கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். நாளைக்கு மறுநாள் காலையிலிருந்து மாற்றமாம். சொன்னவன் அத்தோடு விடவில்லை.

"உன் சர்டிபிகேட்டைக் காட்டித்தான் பேசினாங்களாம்."

மூவருக்கும் ஒரே தொழிற்சாலை. முழங்கால் தளர்ந்தவர்கள் காலில் கட்டிக்கொள்ளும் தாங்கிகளுக்கு டைட்டானியத்தில் பட்டை செய்யும் இடம் அது. பெரிய தகட்டில் எந்தப் பட்டை எங்கே வரவேண்டும் என்று கணினியில் அடுக்கி வெட்டுவது கணவன் வேலை. வெட்டிய பட்டையை பிரஸ்ஸில் வைத்து நடுவில் வளைப்பது அவனுடைய அக்கா. வந்திறங்கும் தகட்டில் ஒரு துண்டை எடுத்து, அறுந்துபோகும்வரை மிஷினில் இழுத்துப் பார்த்து, நல்லது கெட்டது சொல்வது ஆய்வுக்கூடத்தில் இருக்கும் இவள். அதனால்தான் சோதனைக்காரி என்ற பெயர். அந்தப் பெயரை வைத்தவளும் நாத்தனார்தான்.

இதுவரை சுத்தமான டைட்டானியத்தில்தான் பட்டை செய்தார்கள். கனத்த உடம்புக்காரர்களுக்கு அது தாங்கவில்லை, கோணிப் போகிறது என்று புகார் வந்தது. கொஞ்சம் அலுமினியம் கலந்த தகடு வாங்கினால் உறுதியாக இருக்கும் என்று எடுத்துச் சொன்னவள் சோதனைக்காரி. புதுத் தகடு வந்தது. இழுத்துப் பார்த்தாள், தேறியது, கையெழுத்துப் போட்டாள். பிரஸ்ஸுக்குப் போனதும் பாதிக்குப் பாதி பட்டைகள் வளைவில் விரிசல் விட்டன.

மேலாளருக்குத் தொழிற்சாலையில் 'பார்ப்போம் சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "சரி, பார்ப்போம்" என்பார். இந்த முறை உடனே பார்த்துவிட்டார். தகடு ஒன்று, மிஷின் ஒன்று, பாதி நன்றாக வருகிறது, பாதி உடைகிறது. அப்படியானால் மாறுவது கைதானே என்று கேட்டாராம். தகடுதான் சரியில்லை என்று நாத்தனார் சொன்னதற்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாரோ பின்னாலிருந்து சிரித்தார்களாம்.

மறுநாள் காலை சோதனைக்காரி பிரஸ் பக்கம் போனாள். நாத்தனார் தலையை நிமிர்த்தவில்லை. எண்ணெய்த் துணியால் அச்சைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அண்ணி, நான் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல."

"எழுத வேண்டாமே. தகடு நல்லதுன்னு எழுதினாலே போதும். அப்ப கெட்டது யாருன்னு அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க."

நாத்தனார் இரண்டு தட்டுகளை அவள் பக்கம் தள்ளினாள். ஒன்றில் உடைந்தவை, மற்றதில் உடையாதவை. எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். கொண்டுபோய் உன் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார், அதில் என் கைரேகை தெரிகிறதா சொல் என்றாள்.

வளைவுக்கு நடுவே வெட்டி, பளபளப்பாகத் தேய்த்து, அமிலத்தில் கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பழைய சுத்தத் தகட்டில் வளைத்த பட்டை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழையதில் படிகங்களுக்குள்ளே மெல்லிய கோடுகள் கோடுகளாக ஓடின. படிகத்தின் ஒரு கீற்று, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போலத் திரும்பிக்கொண்ட அடையாளம் அது. இரட்டைப் படிகம் என்பார்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் உலோகம் கொஞ்சம் இப்படித் திரும்பி விட்டுக்கொடுக்கும். புதியதில் அந்தக் கோடுகளே இல்லை. அலுமினியம் உறுதியைக் கொடுத்துவிட்டு, திரும்பும் பழக்கத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

அதுவரைக்கும் சரி. ஆனால் உடைந்ததையும் உடையாததையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள்போல இருந்தன. அதே அளவு படிகங்கள், அதே சுத்தம். வித்தியாசம் சொல்லத் தெரியாமல் சாயந்திரம் வீட்டுக்கு வந்தாள்.

கணவன் குளிர்சாதனப் பெட்டிக்குள் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒன்றை நீளமாக, அடுத்ததைக் குறுக்காக, மறுபடி ஒன்றை நீளமாக. அடுக்குவது அவனுக்கு வியாதி. அலமாரி, செருப்பு, தலையணை எதையும் விடமாட்டான்.

"ஏங்க, எல்லாத்தையும் ஒரே பக்கமா வச்சா என்ன?"

"வச்சா இடம் வீணாப் போகும். தகட்டுலகூட இப்படித்தானே அடுக்குறேன். போன வருஷம் மாத்தினப்போ பார்ப்போம் சாரே கை குடுத்தாரு, மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை; அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். போன வருஷத்திலிருந்து பாதிப் பட்டைகள் தகட்டின் நீளவாக்கில் வெட்டப்பட்டன, பாதி குறுக்குவாக்கில். பழைய தகடு எப்படி வெட்டினாலும் வளைந்தது, அதனால் யாரும் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. உருளைகளுக்கு நடுவே நசுங்கி வரும்போது டைட்டானியப் படிகங்கள் பஸ்ஸில் நெருக்கி நிற்கும் கூட்டம்போல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். நீளத்தில் இழுத்தால் ஒரு குணம், குறுக்கில் இழுத்தால் ஒரு குணம். பழையதில் அந்தக் கோடுகள் வந்து சமாதானம் செய்துவைத்தன. புதியதில் சமாதானம் செய்ய ஆளில்லை.

அவள் எந்தத் தகட்டையும் நீளவாக்கில் மட்டுமே இழுத்துப் பார்த்திருக்கிறாள். ஓரத்தில் மிஞ்சும் துண்டு நீளமாக இருக்கும், எடுப்பதற்குச் சுலபம்.

விடிந்தது. அன்று காலையிலிருந்துதான் மாற்றம். முதல் ஷிப்டு மணி அடிக்கும் முன்பே போய், புதுத் தகட்டில் நீளமாக ஒரு துண்டு, குறுக்காக ஒரு துண்டு வெட்டி இழுத்தாள். நீளத்துண்டு ஜவ்வுமாதிரி நீண்டு அறுந்தது. குறுக்குத்துண்டு விறைத்துக்கொண்டு நின்று, சட்டென்று முறிந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்கு நடந்தாள். பார்ப்போம் சார் அங்கே இருந்தார். கணவனும் கூப்பிடப்பட்டிருந்தான். நாத்தனார் தன் கையுறைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

தன் சோதனை அரைச் சோதனை என்று சோதனைக்காரி முதலில் சொல்லிவிட்டாள். பிறகு மற்றதைச் சொன்னாள். கணவன் முகம் சிவந்தது.

"அப்ப என் அடுக்கைத்தான் குத்தம் சொல்றியா?"

"பழைய தகட்டுக்கு உங்க அடுக்கு சரிங்க. நீளமா வெட்டியிருந்தா என் தகடும் சரி. ரெண்டையும் ஒண்ணா சேர்த்து யாரும் பாக்கல. பாத்திருக்க வேண்டியவ நான்."

பார்ப்போம் சார் தாடையைத் தடவினார். இழுத்ததெல்லாம் சரி, வளைப்பது வேறு. பிரஸ் அம்மா இப்போது இரண்டு பட்டையை வளைத்துக் காட்டட்டும் என்றார். நாத்தனார் பையின் ஜிப்பை மூடினாள்.

"நான் வளைச்சா மறுபடி கையைத்தான் சொல்லுவீங்க. அவளே வளைக்கட்டும்."

"அண்ணி, நான் இந்த மிஷினைத் தொட்டதுகூட இல்ல."

"அதனாலதான் சொல்றேன்."

தன் கையுறைகளை வெளியே எடுத்துக் கொடுத்தாள். அவை சோதனைக்காரிக்குப் பெரிதாக இருந்தன. நீளவாக்கில் வெட்டிய பட்டையை வைத்தாள், கோணலாக வைத்தாள், நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டாள். மிதியை மிதித்தாள். பட்டை அசிங்கமாகத்தான் வளைந்தது, ஆனால் முழுசாக வளைந்தது. குறுக்குப் பட்டையை வைத்து மிதித்தாள். டக் என்று ஒரு சத்தம். வளைவின் முதுகில் தலைமுடிபோல ஒரு கோடு. இன்னொரு ஜோடி வைத்தாள், அதேதான் நடந்தது. பார்ப்போம் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், நகத்தால் சுரண்டினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இவ்வளவு மோசமா வளைக்கிறவங்க கையிலயே நீளமானது உடையலன்னா, அந்தம்மா கையில என்ன குத்தம்?" என்று அவரே கேட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் 'பார்ப்போம்' என்று சொல்லவில்லை. மாற்றம் ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடத் தெரியாதவள் கதையை அவிழ்த்துவிட்டவர் யாராக இருந்தாலும், அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

கணவன் சில நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தான். புது அடுக்கில் தகட்டுக்குச் சில பட்டைகள் குறைவாகத்தான் வந்தன. அந்த வருத்தத்தை அலமாரிமீது காட்டினான். இப்போது ஒவ்வொரு பட்டையிலும் உருட்டின திசைக்கு ஓர் அம்புக்குறி பொறிக்கிறான். ஆய்வுக்கூடத்துக்கு நீளத்தில் ஒன்றும் குறுக்கில் ஒன்றுமாகத் துண்டுகள் வருகின்றன.

நன்றி சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. ஆனால் பிரஸ்ஸின் தலையில், எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில், அன்றைக்கு விரிசல் விட்ட பட்டைகளில் ஒன்று நிற்கிறது. புதிதாக யாராவது வந்து அது என்ன என்று கேட்டால், நாத்தனார் வேலையை நிறுத்தாமலே சொல்வாள்.

"எங்க வீட்டு சோதனைக்காரி உடைச்சது. கை ரொம்ப மோசம்."