ஒரு வீட்டில் இரண்டு ஓய்வுநாள்

தானியேலுவின் இடது கன்னத்தை மழித்துவிட்டு வலது கன்னத்தில் தெலேசியா நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது வெளியே பேச்சு முற்றியது. சுவரில்லாத வீட்டில் எதையும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. பாய்த் திரைக்கு அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் பெனியாமினாவும் அவளுடைய சபைப் போதகர் சிமியும் நின்றிருந்தார்கள். பதினோரு வருடமாக எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்கிப் போகிறவர்கள்.

“இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அண்ணனை அடக்கம் பண்ணியாகணும் பாஸ்டர். சாஞ்சா ஓய்வுநாள்.”

“உங்களுக்கு,” என்றார் சிமி. “எங்களுக்கு நாளைக்குச் சாயங்காலம்தான் தொடங்குது. நாளைக்கு மத்தியானம் வெச்சா ரூதா வந்து அப்பா முகத்தைப் பாத்துரலாமே.”

“எங்கண்ணன் உங்க சபை இல்ல.”

“உங்க அண்ணி எங்க சபைதானே?”

தெலேசியா கத்தியைத் தண்ணீரில் அலசினாள். தானியேலு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். வெள்ளிக்கிழமை தோறும் தவறாமல் மழித்துக்கொள்கிற மனிதர். மறுநாள் ஓய்வுநாளுக்கு முகத்தில் ஒரு முள்கூட இருக்கக் கூடாது அவருக்கு. இந்த வெள்ளிக்கிழமை மட்டும் கத்தி அவள் கைக்கு வந்துவிட்டது. வாய் ஓரத்தில் எப்போதும் தப்பிவிடும் நாலு முடியை இன்று விடுவதாக இல்லை அவள்.

முப்பது வருடம் இரண்டு பேருக்கும் ஒரே ஓய்வுநாள்தான் இருந்தது. வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை. பிறகு ஒரு டிசம்பரில், நியூசிலாந்தோடு வியாபாரம் செய்ய வசதியாக இருக்கும் என்று அரசாங்கம் ஒரு வெள்ளிக்கிழமையையே நாட்காட்டியிலிருந்து தூக்கிவிட்டது. வியாழக்கிழமை இரவு படுத்த சமோவா சனிக்கிழமை காலையில் எழுந்தது. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. ஏழாம் நாளை ஆசரிக்கிறவர்களுக்கு அடிமடியில் கைவைத்தது போல ஆகிவிட்டது. பெயரைப் பார்ப்பதா, எண்ணிக்கையைப் பார்ப்பதா? சனி என்று பெயர் வைத்திருக்கும் நாள்தான் ஓய்வுநாள் என்றார் தானியேலு. தெலேசியா விரல் விட்டு எண்ணினாள். எப்படி எண்ணினாலும் ஏழாவது விரல், இப்போது ஞாயிறு என்று சொல்லும் நாளில்தான் மடங்கியது.

“அரசாங்கம் ஒரு நாளைத் திருடிட்டுப் போகுது, நீங்க வழியனுப்பி வைக்கறீங்க,” என்றாள்.

“ஊரே ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகுது. நீயும் அவங்களோட சேர்ந்து போ. கடைசியில எங்க வழிக்கே வந்துட்டியான்னு சிரிப்பாங்க.”

சிரிக்கத்தான் செய்தார்கள். அவள் போகத்தான் செய்தாள். சபை இரண்டாகப் பிரிந்தது, வீடு பிரியவில்லை. ஆனால் முதல் ஒரு மாதம் போர்தான். அவர் ஓய்வுநாளில் அவள் துணியைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அவள் ஓய்வுநாளில் அவர் படகுக்கு ஆணி அடித்தார், ஓட்டை இல்லாத இடத்திலும். அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அதுவரை அடுப்படிப் பக்கமே வராதவர் நெருப்பு மூட்டி, ஆரஞ்சு இலையைக் கொதிக்கவைத்துக் கோப்பையோடு வந்து நின்றார். இலை முற்றல், ஒரே கசப்பு. காய்ச்சல் போன பிறகும் ஞாயிறு தவறாமல் அந்தக் கோப்பை வந்தது. அவளும் சனிக்கிழமையில் துணி துவைப்பதை விட்டுவிட்டு, அவருக்கு அடுப்பு பற்றவைத்து, வெள்ளிக்கிழமை சமைத்ததைச் சுடவைத்து, ஈ ஓட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். யார் எண்ணிக்கை சரி என்ற பேச்சை அதன்பிறகு இருவரும் எடுக்கவில்லை. தன்னுடையதுதான் சரி என்பதில் இருவருக்கும் சந்தேகமும் வரவில்லை.

முகத்தைத் துடைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

“பெனி, இன்னிக்கே வெச்சிரு.”

சிமி அவளைப் பார்த்தார். “அம்மா, நம்ம கணக்குப்படி நாளைக்கு வேலைநாள். உங்களுக்கு அதுல பாவம் ஒண்ணும் இல்ல.”

“எனக்கு இல்ல. குழிக்குள்ள போறது நான் இல்லையே.”

ஆக்லாந்திலிருந்து மகள் ரூதா கூப்பிட்டாள். இரவு விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது, காலை முதல் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்துவிடுவாள். தெலேசியா விஷயத்தைச் சொன்னாள்.

“அப்பா முகத்தை நான் பாக்கணும்மா.”

“அவரோட நாளை மிதிச்சுட்டு வந்து பாக்கறதா கண்ணு?”

“எனக்கும் அதே நாள்தானேம்மா. அப்பா போயிட்டாருன்னு கப்பல் ஏறினா அது வேலையா?”

“நீ வர்றதுல தப்பே இல்ல. குழி வெட்டறதும் மூடறதும்தான் வேலை,” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். நாள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். அவரைக் கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் கேட்க முடியாதது இன்னும் வலித்தது.

வீட்டு முன்னால் கடலைப் பார்த்த இடத்தில் பெனியாமினாவும் அவன் சபை ஆண்களும் வெட்ட ஆரம்பித்தார்கள். ஒரு முழத்துக்குக் கறுப்பு மண் வந்தது. அதற்குக் கீழே எரிமலைப் பாறை. கடப்பாரை பட்ட இடத்தில் பொறிதான் பறந்தது. மதியம் தாண்டியும் குழி முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. சூரியன் பனை உயரத்துக்கு வந்தபோது பெனியாமினா கொப்புளித்த கைகளோடு அவளிடம் வந்தான்.

“இதுக்கு மேல இறங்காது அண்ணி. இதுலயே வெச்சு, மேல கல்லை அடுக்கி சிமெண்ட் பூசிரலாம்.”

தெலேசியா குழியை எட்டிப் பார்த்தாள். “முழங்கால் ஆழத்துல போட்டு மூடறதுக்கு அவரு என்ன சேம்பா?”

“வேற என்னதான் பண்றது? இன்னிக்கு விட்டா நாளைக்கு எங்க நாளு. நாளைக்குப் பொழுது சாஞ்சா உங்க நாளு. நடுவுல ஒரு நூல்கூட இடைவெளி கிடையாது. திங்கக்கிழமை வரைக்கும் உடம்பு தாங்காது.”

அவள் வெட்டிப்போட்ட மண்மேட்டில் உட்கார்ந்தாள். தோண்டியவர்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

“நாளைக்குப் பொழுது சாஞ்சதும் உன் கை சும்மாதானே இருக்கும்?”

“இருக்கும். ஆனா அப்ப உங்க ஓய்வுநாள் வந்துருமே.”

“என் கைக்குத்தானே வருது. உன் கைக்கு இல்லையே.”

பெனியாமினா தன் கொப்புளித்த கையைத் திருப்பிப் பார்த்தான்.

“அப்ப நீங்க இறக்கி மூடுங்க. நாங்க உக்காந்து பாடறோம். மீதிக் குழியை நாளைக்குப் பகல்ல எங்க ஆளுங்க வெட்டுவாங்க. அவங்களுக்கு அது வேலைநாள்.”

“எங்கண்ணன் ஓய்வுநாள்ல, அவன் தலைமாட்டுல கடப்பாரைச் சத்தமா?”

“உங்கண்ணன் ஓய்வுநாள்ல பதினோரு வருஷமா இந்த வீட்டுல நான்தான் விறகு பொளந்தேன். அந்தச் சத்தத்துலதான் அவரு நிம்மதியாத் தூங்கினாரு.”

பெனியாமினா ஒரு ஆளைக் கூப்பிட்டு, கடை மூடுவதற்குள் மீன்பிடித் துறைக்கு ஓடி எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு ஐஸ் வாங்கி வரச் சொன்னான். சூரியன் கடலைத் தொட்டதும் கடப்பாரைகளைக் குழி ஓரத்தில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு எல்லாரும் கை கழுவப் போனார்கள்.

சிமியை வழிக்குக் கொண்டுவருவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அவங்க விட்டுட்டுப் போன குழியில நாங்க இறங்கறதா? சபையில கேப்பாங்களேம்மா.”

“கேட்டா என்னைக் கை காட்டுங்க. காலையில ஆறு பேர் வேணும், நல்ல தோள் உள்ளவங்களா. கடப்பாரை அங்கயே கிடக்குது.”

“பாறையாமே?”

“அதான் ஆறு பேர் கேட்டேன்.”

எட்டுப் பேர் வந்தார்கள், புது ஐஸும் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை முழுவதும் தீவில் யாரும் பார்த்திராத காட்சி அந்த வீட்டு முன்னால் நடந்தது. சீமைப்பலா மரத்தடியில் தானியேலுவின் சபையார் வெள்ளை உடையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி தெலேசியாவின் சபையார் வேர்வை சொட்ட அவர்களுடைய கடப்பாரைகளாலேயே பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டில் இரும்புச் சத்தம் கேட்டு முகங்கள் சுளித்தன. நாலாவது பாட்டில் கடப்பாரை விழும் இடத்துக்குத் தாளம் தானாக வந்து சேர்ந்தது. பாறை ஒரு பக்கமாகப் பிளந்தபோது மரத்தடியிலிருந்து ஒரு கிழவர், “அந்த மூலையில நெம்புப்பா,” என்று சொல்லிவிட்டு, ஓய்வுநாளில் வேலை சொல்லிவிட்டோமே என்று சட்டென்று பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

தெலேசியா தானியேலுவின் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். சனிக்கிழமைகளில் அவளுக்கு அதுதான் வேலை.

மதியத்துக்கு முன்னால் ரூதா வந்தாள். காலில் கப்பலின் உப்புத் தண்ணீர், தோளில் ஒரே ஒரு பை. அப்பாவின் தலைமாட்டில் மெல்லிய பாயில் மண்டியிட்டு, கன்னத்தைத் தொட்டாள்.

“ஷேவ் பண்ணியிருக்காரே.”

“நேத்து வெள்ளிக்கிழமை ஆச்சே.”

“வாய் ஓரத்துல எப்பவும் விட்டுருவாரு. இன்னிக்கு அதுவும் இல்ல,” என்று சொல்லிவிட்டுத்தான் ரூதா அழுதாள். தெலேசியா மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பாதை எங்கே போகும் என்று தெரியாமல் நேற்று எடுத்து வைத்த அடி சரியான இடத்தில்தான் வந்து நின்றிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

மாலையில் ஆளுயரக் குழியை விட்டு மேலே ஏறி வந்தவர்கள் மண்வெட்டிகளை வைத்துக்கொண்டு நின்றார்கள். எதிரே தானியேலுவின் சபையார் வெறுங்கையோடு நின்றார்கள். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். சூரியன் பாதி இறங்கியது, முக்கால் இறங்கியது. சிவப்பாக ஒரு நகக்கண் அளவு மிச்சமிருந்து, அதுவும் போனது. ஊர்க்கோடியில் மாலை ஜெபத்துக்கான சங்கு ஊதினார்கள்.

சிமி தன் கையிலிருந்த மண்வெட்டியை நீட்டினார்.

பெனியாமினா அதை வாங்கிக்கொண்டான். “வெட்டினவங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும் பாஸ்டர்,” என்றான். “எங்க ஆளுங்க இப்ப சமைப்பாங்க.”

இறக்கினார்கள். ரூதா ஒரு பிடி மண் போட்டாள். தெலேசியாவின் கையும் மண்ணுக்கு நீண்டது, உடனே மடங்கி மடிக்குத் திரும்பியது. அவளுடைய ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. முதல் மண் விழுந்த சத்தத்தில் அவள் சபையார் பாட ஆரம்பித்தார்கள். பெனியாமினா கொப்புளங்கள் உடைய உடைய மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம் போல அவள் நாளில் அவர் வீட்டார் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூதா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தெலேசியா விழித்து, எழாமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் எதையாவது செய்யக் கை துறுதுறுக்கும். அடுப்படியில் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. அது அவருடைய கை இல்லை என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் காது அங்கேயே போய் நின்றது. பிறகு புகை வந்தது, யாரோ புகையில் இருமினார்கள்.

பெனியாமினா இடுப்புத் துணியின் முனையால் பிடித்தபடி கோப்பையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். கைகளில் துணி சுற்றியிருந்தது. இந்தப் பதினோரு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை.

“அண்ணன் எந்தக் கிளையில பறிப்பான்னு தெரியல அண்ணி. கைக்கு எட்டினதைப் பறிச்சேன். நல்லா இல்லேன்னா சொல்லுங்க, கொழுந்தாப் பாத்துப் போடறேன்.”

அவள் ஊதி ஒரு வாய் குடித்தாள். நாக்கில் கசந்தது.

“இல்ல,” என்றாள். “இந்த இலைதான்.”

அடியில் கிடந்த இலை உதட்டில் ஒட்டும் வரை குடித்து முடித்தாள். பெனியாமினா காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு கழுவப் போனான். தெலேசியா எழுந்திருக்கவில்லை.