எட்டிலொரு பங்கு கிணறு

"தொழில் செய்யிற இடம் எது?" என்று பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு மேசையில் இருந்த மிஸ் கேட்டாள்.

"கிணறுகள்," என்றேன்.

"பகிடி விடாதேங்கோ ஐயா. நிரந்தர இடம் வேணும். வீட்டு உறுதிப்பத்திரத்தைக் கொண்டு வாங்கோ."

முப்பத்தொரு வருடம் ஊர்க் கிணறுகளை இறைத்துச் சேறு அள்ளியவன் நான். ஒருவரும் பதிவு கேட்டதில்லை. இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மாணவர் விடுதியின் மூன்று கிணறுகளைத் துப்புரவாக்க விலை குறித்துக் கேள்விப்பத்திரம் கொடுப்பதென்றால் பதிவு வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால், பதிவு வைத்திருக்கும் எவனோ அந்த வேலையை எடுத்து, என்னையே நாட்கூலிக்கு உள்ளே இறக்குவான்.

வீட்டைப் போன ஆவணியில் மகள் உதயகலாவுக்குச் சீதனமாக எழுதிவிட்டேன். நானும் மனைவியும் அதன் பின்பத்தியில், சாய்ப்பு இறக்கிய சின்ன அறையில், இருக்கிறோம். அதைச் சொன்னேன்.

"அப்ப மகளிட்டை வாடகை ஒப்பந்தம் எழுதி வாங்குங்கோ."

நான் சீமெந்துக் கல் அரிந்து கட்டிய வீட்டில் நான் வாடகைக்காரன்! பல்லைக் கடித்துக்கொண்டு போய் மருமகன் கஜீபனிடம் சொன்னேன்.

"ஏன் மாமா கரைச்சல்? என்ரை பேரிலை பதிஞ்சுவிடுவம். வேலையை நீங்கள் செய்யுங்கோ."

"தம்பி, உமக்குக் கிணத்துக்குள்ளை இறங்கத் தெரியுமோ?"

"அதுக்குத்தானே நீங்கள் இருக்கிறியள்."

சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தேன். றங்குப்பெட்டியின் அடியில் இன்னொரு உறுதி கிடந்தது. அப்பாவின் தோட்டக்காணியை விற்றபோது, வாங்கியவனுக்குச் சொந்தக் கிணறு இருந்ததால், அயல் தோட்டக்காரருக்கும் பொதுவான பங்குக் கிணற்றில் எட்டிலொரு பங்கு என் பெயரிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் அதை மிஸ்ஸின் மேசையில் போட்டேன்.

"இது கிணறெல்லோ?"

"ஓம். நிரந்தரமான இடம். எங்கையும் ஓடாது."

அவள் உள்ளே போய்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது; சட்டத்தில் தடை இல்லையாம்.

"பெயர்ப்பலகை போடவேணும். விதானையார் வந்து பாத்துக் கையெழுத்து வைக்கவேணும்."

"வரச்சொல்லுங்கோ."

கிணற்றுக் கட்டுச் சுவரில் என் பெயரையும் தொழிலையும் நானே பெயின்றால் எழுதினேன். வியாழக்கிழமை எங்கள் கிராம சேவையாளரான விதானையார் மோட்டார் சைக்கிளில் வந்து சுற்றிப் பார்த்தார்.

"இருந்து தொழில் நடத்திற கந்தோர் எங்கை?"

"உள்ளுக்கை. முப்பதடி. இறங்குங்கோ, நான் கயிறு பிடிக்கிறன்."

எட்டிப் பார்த்தவர் பின்வாங்கி, மோட்டார் சைக்கிள் சீற்றில் படிவத்தை வைத்தே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளி காலை பதிவுப் பத்திரம் கிடைத்தது. விடுதியில் விலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கஜீபன் வாசலில் நின்றான்.

"பதிவு கிடைச்சுதோ மாமா?"

"ஓம். உள்ளுக்கை இறங்க ஆள் தேவையெண்டால் சொல்லுறன். நாட்கூலிதான்."