ரைட் சொன்னது யார்

கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். பஸ் ஏறுகிற பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. டிரைவர் முனிசாமிக்கு மட்டும் ஆறு மாதமாக மறந்து போயிருந்தது. ரேணுகாதேவி அந்த வண்டிக்குக் கண்டக்டராக வந்த நாளிலிருந்து அவர் விசிலுக்குக் காத்திருப்பதில்லை. கண்ணாடியில் ஒரு பார்வை, கியரில் ஒரு தட்டு, வண்டி போய்க்கொண்டே இருக்கும். கேட்டால், இருபத்திரண்டு வருசமாக மலை ஏற்றுகிறவனுக்கு ஒரு பொம்பளை ஊதித்தான் தெரியணுமா என்பார். டெப்போவில் முறையிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் அனுசரித்துப் போம்மா என்றார்கள். அனுசரித்துப் போக இது என்ன மாமியார் வீடா?

அன்றைக்குத் திருப்பத்தூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மத்தியான வண்டி. உள்ளே நாற்பத்தாறு பேர். மூன்று நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டி இருநூறு அடி ஏறினால், மலை சரிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மண்ணோடு சாய்ந்திருந்த மரத்தின் கிளை ஒன்று இடப்பக்கக் கண்ணாடியைப் பிய்த்துவிட்டது. இடப்பக்கம்தான் பள்ளம். மேலிருந்து இன்னும் கற்கள் உருண்டு வந்தன. அங்கேயே நிற்கவும் முடியாது. பின்னோக்கியே வளைவு வரைக்கும் இறங்கி, அங்கேதான் வண்டியைத் திருப்ப வேண்டும்.

முதலில் ஜனங்களை இறக்கிவிடலாம், பின்னால் நின்று நான் விசில் கொடுக்கிறேன் என்றாள் ரேணுகா. முனிசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்சீட்டில் இருந்த உரக்கடைக்காரர் ரமேஷிடம், நீங்கள் இறங்கிப் பார்த்துச் சொல்லுங்க சார் என்று கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ உள்ளயே இரும்மா. இது டிக்கெட் கிழிக்கிற வேலை இல்ல."

வண்டியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்தாலும் இறங்கினாள், அவள் வேலையை அவள்தானே பார்க்க வேண்டும்? ரமேஷ் மலையோரமாகப் பத்திரமான இடம் பார்த்து நின்றுகொண்டார். ரேணுகா பள்ளத்தோரம், இடது பின்சக்கரம் தெரிகிற இடத்தில் நின்றாள்.

வண்டி மெல்லப் பின்னால் வந்தது. ரமேஷ் கையை ஆட்டி வா வா என்றார். ஐம்பது அடி ஒழுங்காகத்தான் வந்தது. பிறகு பின்பக்கம் பள்ளத்தை நோக்கி ஒதுங்க ஆரம்பித்தது. ரமேஷும் அதைப் பார்த்துவிட்டார். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் அவர் வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"ரைட்டு, ரைட்டு, ரைட்டு!"

அட பாவி மனுசா, பஸ்ஸில் ரைட் என்றால் வலப்பக்கமா? போகலாம் என்றல்லவா அர்த்தம்! முனிசாமி பிரேக்கைத் தளர்த்தினார். வண்டி விறுவிறுவென்று இறங்கியது.

ரேணுகா ஊதினாள். ஒரே விசில், நெஞ்சில் இருந்த மூச்சு மொத்தமும் அதில் போனது. யோசிக்க நேரம் இருந்திருந்தால் முனிசாமி அதை மதித்திருப்பாரோ என்னவோ, அவர் கால் மதித்தது. விசிலில் ஆண் விசில், பெண் விசில் என்று அந்தக் காலுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வண்டி குலுங்கி நின்றது. இடது பின்சக்கரம் பாதி அந்தரத்தில் இருந்தது. அடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

உள்ளே கூச்சல். முன்னால் இருந்தவர்கள் முன்வாசலுக்குப் பாய்ந்தார்கள். பின்வாசலுக்குக் கீழே தரையே இல்லை. முன்னால் இருப்பவர்கள் முதலில் இறங்கிவிட்டால் முன்பக்கத்து எடை குறையும். பின்பக்கம் அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடும். அவளுக்கு அது சட்டென்று விளங்கியது. ஓடிப்போய் முன்படியில் ஏறி, இரண்டு பக்கத்துக் கம்பியையும் பிடித்துக் குறுக்கே நின்றாள்.

"முன்சீட்டுக்காரங்க யாரும் எறங்கக் கூடாது. கடைசி சீட்டுலருந்து ஒவ்வொருத்தரா வாங்க."

ஒருவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் கம்பியை விடவில்லை.

"நீ பொழைச்சுக்குவ. பின்னாடி கீறவங்க இன்னா ஆவாங்க?"

அவள் கத்தவில்லை. அதனால்தானோ என்னவோ அவன் கை கீழே இறங்கியது. முதல் சீட்டில் செல்லியம்மாள் என்றொரு மலைக்காரி, அரிசி மூட்டையும் தானுமாக எழுந்து நின்றவள், தொப்பென்று திரும்ப உட்கார்ந்தாள். கண்டக்டரம்மா சொல்றாங்கல்ல, குந்துங்கடா என்று அதட்டினாள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசி வரிசை முதலில் வந்தது. ரேணுகா ஒவ்வொருவர் கையையும் பிடித்து இறக்கி, மலையோரமாகவே வளைவுக்கு நடக்கச் சொன்னாள். செல்லியம்மாளும் இறங்கிய பிறகு உள்ளே மிச்சம் இருந்தது முனிசாமி மட்டும்தான். பிரேக்கில் காலை ஊன்றியபடி இருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஹேண்ட் பிரேக் போட்டுட்டேன், புடிக்குமான்னு தெரியல. நான் எறங்கிக்கட்டுமாம்மா?"

இந்த ஆறு மாதத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. இறங்குங்க என்ற சொல் அவள் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அவர் காலை எடுத்து வண்டி உருண்டால், பின்னால் ரோட்டில் நடந்து போகிறவர்கள் மேல்தான் உருளும். தன் பேச்சுக்கு மதிப்பு வேண்டும் என்று எத்தனை நாள் அழுதிருப்பாள்! அந்த மதிப்பு இப்போது ஒரு மனுசன் உயிராக வந்து எதிரே உட்கார்ந்திருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

"கூடாதுங்க. நான் கல்லு வெச்சு முட்டுக் குடுக்குற வரைக்கும் கால எடுக்காதீங்க. சக்கரத்துக்குப் பின்னாடிதான் இருப்பேன்."

முனிசாமி காலை இன்னும் அழுத்தி ஊன்றினார். சரிம்மா என்றார்.

ரமேஷ் பாறைக் கற்களைச் சுமந்து வந்து போட்டார். ரேணுகா சேற்றில் குப்புறப் படுத்து ஒவ்வொன்றாக வலது பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தாள். மூன்றாவது கல்லை வைக்கும்போது மண் நழுவி வண்டி நான்கு விரற்கடை பின்னால் வந்தது. முன்னாலிருந்து முனிசாமி, கால எடுக்கலம்மா, எடுக்கலம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழு கல் வைத்தாள். ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்தாள். பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, இப்ப எறங்குங்க என்றாள்.

அவர் எழப் பார்த்தார். முடியவில்லை. கால் மரத்துப்போய்ப் பெடலோடு இறுகியிருந்தது. வர மாட்டேங்குதும்மா என்றபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ரேணுகா மேலே ஏறினாள். சேற்றுக் கைகளால் அவர் முழங்காலை இறுகப் பிடித்து, மெல்லத் தூக்கிப் பெடலிலிருந்து எடுத்தாள்.

வண்டி அசையவில்லை.