அடுத்த பதிவுக்குத் தள்ளுபடி

செத்த வீட்டிலிருந்து வரும் போனை நான் "வணக்கம்" சொல்லி எடுக்க மாட்டேன். "ரோஸ்லின் பேசுறேன்" என்பேன், அவ்வளவுதான். சிலர் அழுவார்கள், சிலர் பேச முடியாமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்துவிடுவார்கள். காத்திருப்பேன். எந்தத் தெரு, வாசல்வரை வண்டி வருமா, கூடத்தில் பிளக் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வைப்பேன். வைக்கும்போது நன்றி கிடையாது. "வரோம்" என்றும் சொல்வதில்லை. "அனுப்பிடுறேன்" என்பேன்.

கும்பகோணத்தில் நானும் என் வீட்டுக்காரர் மதலைமுத்துவும் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறோம். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. வண்டி அவர் பொறுப்பு, போன் என் பொறுப்பு. பெட்டியைத் திரும்ப எடுக்கும்போது அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார், திரும்பியும் பார்க்க மாட்டார். எங்கள் வேதத்தில் அப்படி ஒன்றும் இல்லைதான். அதற்காகச் சாவு வீட்டில் "போயிட்டு வரேன்" என்று எந்த மடையனாவது சொல்வானா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

நல்ல போன் எங்களுக்குத் தேவைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் ஒரு வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கும்போது பாபநாசத்திலிருந்து இன்னொருவர் கூப்பிட்டால் லைன் பிஸி. உடலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார் என்று பிறகு தெரிய வந்தால் மனசு ஆறாது. அதனால்தான் கடைகளுக்கென்று இருக்கும் இன்டர்நெட் போன் போடலாம் என்று முடிவு செய்தோம். தஞ்சாவூரிலிருந்து வசிஷ்ட் என்று ஒரு பையன் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் லேப்டாப் பை.

நான் ஒன்றும் தெரியாமல் தலையை நீட்டவில்லை. கரன்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். தானாகச் செல்போனுக்கு வரும் என்றான். நான் பேசிக்கொண்டிருந்தால்? வண்டியில் இருக்கும் அண்ணனுக்கு அடிக்கும் என்றான். ஊர் முழுக்கத் தெரிந்த எங்கள் பழைய நம்பர்? அதேதான் இருக்கும் என்றான். எல்லாவற்றுக்கும் பதில் சுத்தமாக வந்தது. கடைசியில் சொன்னேன்.

"தம்பி, எங்க தொழில் வேற. பேசினா நான்தான் பேசணும். மெஷின் பேசக்கூடாது. முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது."

"ஷ்யூர் மேடம்." பூம்பூம் மாடு தோற்றது, அப்படித் தலையாட்டினான்.

முன்னாடி பேசவில்லை, அது உண்மை. கூப்பிட்டவுடன் எனக்கும் அவருக்கும் சேர்ந்தே அடித்தது, ஒரு அழைப்பும் தவறவில்லை. பர்வதம் டீச்சரின் அழைப்பும் அப்படித்தான் தவறாமல் வந்தது. அவர் வீட்டுக்காரர் சாமா சார் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் விஸ்வா கனடாவிலிருந்து வந்து சேரும்வரை எங்கள் பெட்டிதான் அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. காரியமெல்லாம் முடிந்து விஸ்வா விமானமும் ஏறிவிட்டான். வீட்டில் மிச்சம் டீச்சரும் மகள் மாளவிகாவும். மாளவிகாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒரு நாள் தவறினாலும் கால் வீங்கி மூச்சு முட்டும்.

அடுத்த வாரம் டீச்சர் கூப்பிட்டார்.

"ரோஸ்லின், ஒங்க எடத்துலேர்ந்து போன் வந்துது."

"எங்க இடத்துலேருந்தா? நான் பண்ணலியே டீச்சர்."

"ரெக்கார்டு பண்ணின பொண் குரல். மாளவிகாதான் எடுத்தா. எப்படி இருக்கேள்னு விசாரிச்சுட்டு, எங்க சேவை எப்படி இருந்தது, அஞ்சுக்கு எத்தனை மார்க்குன்னு கேட்டுதாம். மறுபடியும் ஒங்களுக்குச் சேவை செய்யக் காத்திண்டிருக்கோம், அடுத்த பதிவுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, வேணும்னா ஒண்ணை அழுத்துங்கோன்னுதாம்."

"அய்யோ! மாளவிகா என்ன செஞ்சா?"

"அழுத்திட்டா. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புடின்னா, 'எதுக்கும்மா, அதான் புக் ஆயிடுத்தே'ன்னு சிரிக்கறா. எனக்குப் பயமா இருக்கு ரோஸ்லின்." டீச்சர் கத்தவில்லை, திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

வசிஷ்டைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்ட தோரணையில் மதியமே வந்து நின்றான். லேப்டாப்பைத் திறந்தான்.

"மேடம், அது வேணும்னு யாரும் போடலை. வாடகைன்னு பதிஞ்சதும் லாட்ஜுக்கு இருக்கிற செட்டிங்கை சிஸ்டம் அதுவா எடுத்துக்கிச்சு."

"அதாவது எங்க பெட்டியில ராத்தங்கிட்டுப் போனவங்கள அபிப்பிராயம் கேட்டிருக்கு."

அவன் நெளிந்தான். நெளிந்தவன் அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஆனா ரெஸ்பான்ஸ் வந்திருக்கு மேடம். பாருங்க, ஒரு கஸ்டமர் இன்ட்ரஸ்டடுன்னு காட்டுது. வெள்ளிக்கிழமை அவங்களுக்குத் திரும்ப ஒரு கால் போகும்."

திரையில் டீச்சர் வீட்டு நம்பர், பக்கத்தில் பச்சையாக ஒரு டிக். மனுஷ ஜென்மம்தானா இவர்கள்? ஒரு பெண் சாகச் சம்மதம் சொல்லியிருக்கிறாள், அதற்கு இவர்கள் ஊரில் பெயர் ஆர்வம்.

"நிறுத்து அத."

"ஹெட் ஆபீஸுக்கு எழுதணும் மேடம். ஒரு வாரமாவது ஆகும்."

"சரி. உங்க அம்மா நம்பரச் சொல்லு."

"எதுக்கு மேடம்?"

"உங்க வீட்டுக்குப் பெட்டி போச்சுன்னு பதியிறேன். வெள்ளிக்கிழமை உங்க அம்மாவும் கேக்கட்டும். அடுத்த பதிவு யாருக்குன்னு அவங்களே சொல்லட்டும்."

அவன் விசைகளின் மேலிருந்த விரல்களை, சுட்டதுபோல எடுத்துக்கொண்டான். மதலைமுத்து உள்ளேயிருந்து, "ரோஸ்லின், சின்னப் பையன், விடு" என்றார்.

"அவளும் ஒருத்தி பெத்த பொண்ணுதான்" என்றேன்.

அதற்கப்புறம் வசிஷ்ட் யார் யாருக்கோ போன் செய்தான், கெஞ்சினான், என்னென்னவோ தட்டினான். ஒரு வாரம் ஆகும் என்றது, நான் பாலைக் காய்ச்சி இறக்குவதற்குள் நடந்து முடிந்தது. அவனுக்குக் காபி கிடையாது என்றுதான் இருந்தேன். அவன் லேப்டாப்பை மூடியதும் மனசு கேட்காமல் அரை டம்ளர் கொடுத்தேன்.

இப்போது கடைத்தெருவில் யார் இன்டர்நெட் போன் போடப்போனாலும் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். கரன்ட், நெட், நம்பர் எல்லாம் கேளுங்கள், ஆனால் பதிலை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். வாடிக்கையாளர் மாதிரி உங்கள் கடைக்கு நீங்களே கூப்பிடுங்கள், கூப்பிட்டபின் உங்களுக்கு என்ன வருகிறது என்று பொறுத்திருந்தும் பாருங்கள் என்கிறேன்.

அன்றைக்கு மெஷினை நிறுத்தியாயிற்று. அந்தப் பெண்ணின் தலைக்குள் போனதை எப்படி நிறுத்துவது? எங்களைப் போன்றவர்கள் கூப்பிடாமல் ஒரு வாசலில் போய் நிற்கக்கூடாது. எங்கள் வண்டி தெருமுனையில் திரும்பினாலே யார் வீடு என்று எட்டிப் பார்ப்பார்கள். அதனால் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போனேன்.

டீச்சர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். மாளவிகா நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய கால்களை ஸ்டூலின் மேல் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தாள்.

"அளவெடுக்க வந்தேளா அக்கா?"

அறையலாம் போல இருந்தது. "ஒம் பேர்ல ஒரு பதிவு விழுந்திருந்துச்சு. அத அழிச்சாச்சு. எங்ககிட்ட முன்பதிவு கிடையாது மாளவிகா. எவனுக்கும் கிடையாது."

"தள்ளுபடி?"

"அதுவும் கிடையாது. முழு வாடகை."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. "அப்பாதான் கூட வருவார் அக்கா. நாலு மணி நேரமும் கட்டில் பக்கத்துல பேப்பர் படிச்சுண்டு உக்காந்திருப்பார். அம்மாவால முட்டியை வச்சுண்டு அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற முடியாது. விஸ்வா ஊருக்குப் போய் ஒரு போன் பண்ணலை. ஒங்க மெஷினாவது எப்படி இருக்கேள்னு கேட்டுதேன்னு அழுத்திட்டேன்."

எனக்கு அந்தக் கம்பெனி மேலிருந்த கோபம் அப்படியே கனடாவுக்குத் திரும்பியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்தேன். டீச்சர் வாசல்வரை வந்தார், "போயிட்டு வாங்கோ" என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்து யார் அப்படிச் சொல்வார்கள்? நானும் வழக்கம்போல வாயைத் திறக்காமல் படி இறங்கினேன்.

"சொல்லிக்காம போறேளே" என்றாள் மாளவிகா உள்ளேயிருந்து.

நான் திரும்பினேன். "காலைல ஆட்டோ எடுத்துக்கிட்டு வரேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி இரு."

பெட்டி போய்வந்த வீட்டில் நான் சொன்ன முதல் "வரேன்" அது. டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உள்ளேயிருந்து மாளவிகா சொன்னாள்: "லேட் பண்ணினேள்னா அஞ்சுக்கு ஒரு மார்க்குதான்."