ஓரத்தில் ஒரு துணுக்கு

தம்பியின் நாக்கிலிருந்து வெட்டியெடுத்த சதை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக, சுத்தமாக இருந்தது. டாக்டரம்மா நிம்மதியாக மூச்சு விடப் போனாள். அப்போதுதான் ஸ்லைடின் ஓரத்தில், மற்றதோடு ஒட்டாமல் கிடந்த கடுகளவுத் துணுக்கு கண்ணில் பட்டது. அது புற்று. இருபத்தாறு வருஷமாக நாக்கும் தொண்டையும் கழுத்துமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டாம் தடவை பார்க்க வேண்டியதே இல்லை. ஆனாலும் பத்துத் தடவை பார்த்தாள். சொந்தக்காரர் ஸ்லைடை வேறு டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று விதி எழுதி ஒட்டியவளே அவள்தான்.

சதையை மெல்லிசாகச் சீவி ஸ்லைடு தயாரிக்கும் பெண்ணைக் கூப்பிட்டாள். "இதுக்கு முன்னாடி யாரோடத சீவினீங்க?"

"ஒரு பஸ் டிரைவரோடது மேடம். அதுவும் நாக்குதான். கேன்சர்னு காலைல நீங்கதானே எழுதினீங்க?"

"நடுவுல தண்ணிய மாத்தினீங்களா?"

"மாத்தினேன்னுதான் நினைக்கிறேன்…"

சீவிய இழையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் ஸ்லைடில் ஏந்துவார்கள். முந்தியவரின் துணுக்கு தண்ணீரில் தங்கி அடுத்தவருடையதில் ஒட்டிக்கொள்வது எப்போதாவது நடக்கும். அந்த 'நினைக்கிறேன்' அவளுக்குப் போதுமாக இருந்தது. உடனே தம்பிக்குப் போன் செய்தாள். "ஒண்ணும் இல்லடா. வேற யாரோடதோ ஒட்டிக்கிச்சு."

அந்தப் பக்கம் தம்பி பொண்டாட்டி விம்மி அழுவதும், "அக்காவே சொல்லிட்டா!" என்று அவன் பிள்ளைகளிடம் கத்துவதும் கேட்டது. சோதிக்காமல் வாயை விட்டது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

துணுக்கைச் சுரண்டி எடுத்து, யாருடையது என்று மரபணுவை ஒப்பிட அனுப்பினாள். ஆஸ்பத்திரிக்கு அந்த மரபணுச் சோதனைக்கூடத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்தவளும் அவள்தான். மூன்று நாள் ஆகும். டிரைவருக்குத்தான் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு துணுக்கால் அவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் நினைத்தாள்.

மூன்றாம் நாள் சின்ன டாக்டர் காகிதத்தோடு வந்து, கொடுக்காமல் நின்றான்.

"டிரைவரோட ஒத்துப் போகல மேடம்."

மரபணுவில் பதினாறு இடத்தில் ஒப்பிட்டிருந்தார்கள். பதினாறும் தம்பியுடையது.

போனில் சொல்ல மனசு வரவில்லை. நேரே அவன் வீட்டுக்குப் போனாள். ஆயிரக்கணக்கான பேருக்கு இதைக் காகிதத்தில் எழுதியிருக்கிறாள். ஒருத்தர் முகத்தைப் பார்த்து வாயால் சொன்னதில்லை.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம?"

"அது உன்னோடதுதான்டா."

அவன் செருப்பு வைக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீதானேக்கா இல்லைன்னு சொன்ன?" குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"தப்புப் பண்ணிட்டேன்டா." பையிலிருந்து போனை எடுத்தாள். "எங்க, வாயைத் திற."

போன் விளக்கைப் போட்டாள். நாக்கின் இடது ஓரத்தில், தையல் போட்ட இடத்தைச் சுற்றி, வெளுத்துப்போய் ஒரு சின்னப் புண். இவ்வளவுதான். வெளிச்சம் ஓரிடத்தில் நில்லாமல் பல்லிலும் அண்ணத்திலும் அலைந்தது. அவன் வாயை மூடாமலே கையை நீட்டி, அவள் மணிக்கட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டான்.