முடிச்சில்லாத பெட்டி

அந்த வார்த்தையை லூர்தம்மாள் தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் பாதித் தாராவிக்குக் கத்தும்போது கேட்காமல் எப்படி இருக்கும்? மைக்செட்காரன் மிக்கேல்ராஜுக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, பங்குச்சாமியார் சால்வை போர்த்தினார். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வரவேண்டும் என்று தெரிந்த ஆள் பம்பாயிலேயே இவர் ஒருத்தர்தான் என்றும் சொன்னார். மிக்கேல்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"எல்லாம் ஆண்டவர் எனக்குக் குடுத்த காது. எங்க வீட்டுல வேற யாருக்கும் பாட்டுன்னா என்னன்னே தெரியாது."

லூர்தம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காதாம், ஆண்டவர் கொடுத்தாராம்! நாகஸ்வரத்துக்கும் மில் சங்குக்கும் வித்தியாசம் தெரியாத காது அது.

பத்து வயதில் மாட்டுங்காவில் ஒரு பார்சி வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனவள் அவள். அந்த வீட்டு அம்மா கிராமபோனில் இங்கிலீஷ் நடனப் பாட்டு வைப்பாள். இவள் கை பாத்திரத்தில் இருக்கும், காது அங்கே இருக்கும். அங்கேயும் பிறகு வேலை பார்த்த வீடுகளிலும் பழைய சேலை வேண்டாம், கீறல் விழுந்த ரெக்கார்டு போதும் என்று கேட்டு வாங்கி வருவாள். கவாலி, லாவணி, கோவாக்காரர் பாட்டு, அரபுப் பாட்டு, தமிழ்ப் பாட்டு எல்லாம் அப்படிச் சேர்ந்ததுதான். பாஷை எதுவாக இருந்தால் என்ன, தாளம் விளங்காதா? ஒரு பாட்டு முடிந்து ஊசி கரகரக்கும் இடைவெளியில் கூட்டம் கலைந்து போகிறது என்று கண்டுபிடித்து, இன்னொரு மெஷினையும் பக்கத்தில் வைக்கச் சொன்னதும் அவள்தான். கவாலியின் கைதட்டல் அடங்குமுன்னே கோவாக்காரர் மத்தளம் எழும்பும். ஜனம் சொக்கிப்போகும்.

ஆனால் மெஷின் முன்னால் அவள் உட்கார முடியாது. பொம்பளை உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்பான் மிக்கேல்ராஜ். அதனால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ரெக்கார்டு உறைகளில் நூல் கோத்து முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். ஒரு முடிச்சு முதல் பாட்டு, இரண்டு முடிச்சு இரண்டாவது. எழுத்துத் தெரியாத அவனுக்கு வேலை முடிச்சை எண்ணுவதுதான். அதற்குத்தான் சால்வை.

வீட்டுக்கு வந்து சால்வையை ஆணியில் மாட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோல் கிடங்கு உதுமான் வீட்டில் நிக்காஹ். அன்று விடிந்ததும் கத்தரிக்கோலை எடுத்து அத்தனை நூலையும் அறுத்துப்போட்டுப் பெட்டியை மூடிக் கொடுத்தாள். எந்த நாளிலும் திறந்து பார்க்காதவன் அன்றைக்கு மட்டும் பார்க்கவா போகிறான்?

பத்து மணிக்கு மாப்பிள்ளை பந்தலுக்குள் வரும்போது குழாயில் வந்தது இயேசுவின் சாவுக்கு அழும் பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி. பதறிப்போய் மாற்றினான், கூத்துமேடை லாவணி வந்தது. பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம் சத்தமே இல்லை. லூர்தம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்ததா என்றால், இல்லை.

மூன்று சந்து தாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தான் மிக்கேல்ராஜ்.

"ஏட்டி, என் மானத்த வாங்கிட்டியே. வந்து அடுக்கிக் குடுத்துட்டுப் போ."

"அடுக்கல்லாம் மாட்டேன். நான் உக்காந்து போடுதேன். சம்மதம்னா வாரேன்."

அவன் பல்லைக் கடித்தான். வேறு வழி இல்லாமல் தலையை ஆட்டினான். அடுப்படிச் சேலையோடேயே போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். எழுத்து அவளுக்கும் தெரியாது. ஆனால் எந்த வரியில் சத்தம் ஏறும், எந்த வரியில் இறங்கும் என்று அந்தக் கறுப்புத் தட்டே அவளுக்குச் சொல்லிவிடும். முதலில் ஒரு கவாலி. அது முடியுமுன் அரபுப் பாட்டு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு தமிழ்க் கல்யாணப் பாட்டு. பந்தலில் முகங்கள் நிமிர்ந்தன. உதுமானின் மனைவி சைனப் பெண்கள் பக்கத் திரையை விலக்கி மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பாடு முடிந்ததும் உதுமான் நேராக மிக்கேல்ராஜிடம் போனார்.

"என்ன வே மிக்கேலு, பெஞ்சாதிக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்துருக்கீரு."

அவன் சிரித்துக்கொண்டு நின்றான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லூர்தம்மாள் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள். மேஜை மேல் இருந்த மைக்கைக் கையில் எடுத்தாள். அவள் குரல் கூரை கூரையாகத் தாண்டி, கோயில் வாசல் வரைக்கும் போயிற்று.

"நான் லூர்தம்மா பேசுதேன். இன்னைக்குப் பாட்டுப் போட்டது நான். போன வாரம் கோயில்ல போட்டதும் நான் அடுக்கிக் குடுத்ததுதான். பங்குச்சாமிக்குக் கேக்குதா? அந்தச் சால்வை எங்க வீட்டு ஆணியிலதான் தொங்குது. வந்து எடுத்து என் தோள்ல போடுங்க."

மைக்கை வைத்தாள். மிக்கேல்ராஜ் எங்கே நிற்கிறான் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிய பாட்டு முடிய நான்கு வரிதான் பாக்கி இருந்தது. இரண்டாவது மெஷினில் ஊசியை இறக்கினாள்.